வேனுக்குள் திருச்சி ஸ்டேஷன்

ஏப்ரல் 16, புதன்

வெயில். காலை எட்டு மணிக்கே வேனின் தகரம் தோசைக்கல். கையை வைத்தால் சொய்ங்.

பத்தாவது பரீட்சை முடிந்ததும் வீட்டில் கால் நீட்டலாம் என்றிருந்தேன். வீடே தோட்டத்துக்குக் கிளம்பி வந்துவிட்டது. திராட்சை நிறம் மாறத் தொடங்கினால் வெட்டு முடிகிறவரை தோட்டக்காரர் தோட்டத்தை விட்டு நகரக்கூடாது. ராயப்பன்பட்டிப் பக்கம் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். மற்றவர்களுக்குக் குடிசை. எங்களுக்கு வேன். முன்பு ஏதோ மருந்துக் கம்பெனியின் விளம்பர வண்டி, அப்பா ஏலத்தில் எடுத்தது. உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு மாதா படம், அப்பா, அம்மா, நான். வண்டி ஓடும், அதற்கு மனசு வந்தால்.

இன்று செய்தவை:
1. பாத்திரம் கழுவியது.
2. அணில் விரட்டியது. (அணில் என்னை விரட்டியது என்று எழுதினால்தான் உண்மை.)
3. அக்காவின் கடிதத்தை நாலு முறை படித்தது.

ஸ்டெல்லா அக்கா திருச்சியில் ஹாஸ்டல். பி.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருடம். எழுதியிருக்கிறாள்: ‘26ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் திருச்சி ரேடியோ ஸ்டேஷனில் பேசுகிறேன். எட்டு நிமிடம். அப்பா கேட்க வேண்டும். முன்னாலேயே சொல்லிவிடாதே தெரசா, அன்றைக்குப் பார்த்துத் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார். மேலே படிக்கிறேன் என்று நேரில் ஆரம்பித்தாலே எழுந்து போகிறார். ரேடியோவை விட்டு எழுந்து போகமாட்டார். நான் பேசுவதை அவர் ஒரே ஒரு முறை முழுசாகக் கேட்கட்டும்.’

கடிதத்தோடு எம்.எஸ்ஸி. விண்ணப்பம். அப்பா கையெழுத்தோடு மே 5க்குள் போய்ச் சேரவேண்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு சிக்கல்: எங்களிடம் ரேடியோ இல்லை. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான். விவரம் நாளை. இன்று கை வலிக்கிறது. மனசாட்சியும்.

ஏப்ரல் 17, வியாழன்

மேகம் உண்டு. மழை இல்லை. புழுக்கம்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். போன மாதம், பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி மாமா தண்ணீர் பாய்ச்ச வருகிற நேரம் பார்த்து, டிரான்சிஸ்டரைக் கயிற்றில் கட்டிப் பொதுக் கிணற்றுக்குள் இறக்கினேன். கிணறு பேசும், மாமா பயப்படுவார் என்று திட்டம். கிணறு பேசியது. ‘இப்போது நேரம் ஐந்து மணி முப்பது நிமிடம்’ என்றது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாமா வரப்பில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் கயிறு நழுவியது. டிரான்சிஸ்டர் அன்றிலிருந்து மீன்களுக்குச் செய்தி வாசிக்கிறது.

மாமா என்னோடு பேசுவதில்லை. அப்பாவும் மூன்று நாள் பேசவில்லை. அவர் எப்போதுமே பேசாதவர் என்பதால் எனக்கு நாலாம் நாள்தான் தெரிந்தது.

மிச்சம் இருப்பது வேனின் ரேடியோ. ஸ்டியரிங் பக்கத்தில் திருகி இறுக்கியது, கழற்ற வராது. வேன் பேட்டரியில் ஓடும். ஏரியல் முறிந்து மொட்டையாக நிற்கிறது. போட்டால் கொர்ர்ர். திருகினால் மலையாளம். மேற்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வருகிறது. திருச்சி வாசலோடு சரி.

அம்மா: “அவுகளும் நல்லாத்தான பாடுறாக. கேட்டுட்டுப் போவோம்.”

“அக்கா மலையாளத்துல பேசலம்மா.”

ஒன்பது நாள் இருக்கிறது. திருச்சியை இந்தத் தகர வீட்டுக்குள் கூட்டிவருவேன். கூட்டிவராவிட்டால் என் பெயர் தெரசா இல்லை, வெறும் ‘தெரியாசா’.

ஏப்ரல் 19, சனி

காலையில் காற்று. முயற்சிகள்:

குடைக்கம்பியை மொட்டை ஏரியலில் செருகியது. கொர்ர்ர். (குடையும் போச்சு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.)
இரும்புச் சட்டியை வேன் கூரையில் கவிழ்த்தது. மலையாளம் இன்னும் தெளிவாக.
வேனைத் திசை திருப்பியது. நானும் அம்மாவும் தள்ளினோம். ரேடியோவில் மாற்றம் இல்லை. அம்மாவின் இடுப்பில் மாற்றம்.

மதியம் சைக்கிளில் உத்தமபாளையம். ரேடியோ மெக்கானிக் ஜோசப்பண்ணன் கடை. சொன்னேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

“தகர டப்பாக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சத்தம் வரலங்கிற. தகரம் வெக்கைய உள்ள விடும், ரேடியோ அலைய விடாது. கம்பிய வெளிய கொண்டு போ. உசரமா, நீளமா.”

“எம்புட்டு நீளம்ண்ணே?”

“ஒரு அறுவது அடி. கூட இருந்தாலும் நல்லதுதான். வேன் தகரத்துல மட்டும் பட்டுறக் கூடாது, ஆமா.”

உள்ளே இழுக்க ரப்பர் மூடிய ஒயர் ஒரு துண்டு கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அப்பா என் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சந்தை நிலவரம் கேக்கத்தான்ப்பா. மதுரையில பழம் என்னா விலைன்னு தெரியணும்ல” என்றேன். “ம்” என்றார். அவருடைய ‘ம்’களில் ஆறு வகை உண்டு. இது சம்மத வகை.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் முழுக்க அறுபது அடிக் கம்பிக்கு எங்கே போவது என்ற யோசனை. ஆண்டவர் மன்னிப்பாராக, பதிலையும் அவரே கொடுத்தார். தோட்டத்துக்குத் திரும்பி, பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து, தலையில் கம்பி இடித்து, அண்ணாந்து பார்த்தேன்.

கம்பி! கல்தூண் கல்தூணாக, குறுக்கும் நெடுக்கும், இரண்டு ஏக்கருக்கு! அண்ணன் கேட்டது அறுபது அடி. எங்கள் அப்பா உலகத்திலேயே பெரிய ஏரியலைக் கட்டிவைத்து அதில் திராட்சை காயப்போட்டிருக்கிறார்!

ஒயரின் ஒரு முனை ரேடியோவில், மறுமுனை பந்தலில். இரண்டு மணி வெயில். திருகினேன்.

‘...திருச்சிராப்பள்ளி.’

அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். நான் டிரைவர் சீட்டில் நின்று ஆடியதில் ஹாரன் அடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் சின்னச்சாமி மாமா ஹாரன் சத்தத்துக்குத் திடுக்கிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார். இது வேண்டுமென்று செய்ததில்லை. யார் நம்புவார்கள்?

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று சாயங்காலம் கோடை மழை, அரை மணி. இன்று காலை ரேடியோ ஊமை. மலையாளம்கூட இல்லை.

ஒயர் கட்டிய இடத்தில் பிடிப்பு விட்டிருக்கும் என்று பந்தல் கம்பியைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன். தூணில் இருந்த பழைய முடிச்சு அவிழ்ந்தது. ஒரு வரிசை முழுக்க மெதுவாக, யானை படுப்பதுபோல், இறங்கியது. கொத்துகள் என் முழங்கால் உயரத்தில்.

அப்பா ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். கம்பிக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்ந்தார். நான் முட்டுக்கொடுக்கக் கவைக்கம்பு கொண்டுவந்தேன். மறுபடி முறுக்கிக் கட்ட ஒரு மணி நேரம். உதிர்ந்த பழம் இரண்டு கூடை.

“பந்தல்ல இனிமே உன் கை படக்கூடாது.”

ஐந்து சொல். அப்பாவுக்கு அது பிரசங்கம்.

அழவில்லை. கண்ணில் தூசி. இரண்டு கண்ணிலும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடி உத்தமபாளையம். ஜோசப்பண்ணன் சிரித்த சிரிப்பில் பற்றவைக்கிற இரும்பைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆத்தா! பந்தல்லயா கட்டுன? கம்பி பூராம் கொடி சுத்தியிருக்குல்ல. கொடி எங்கன நிக்குது?”

“மண்ணுல.”

“மழையில நனைஞ்சா நீ புடிச்ச திருச்சி அம்புட்டும் கொடி வழியா மண்ணுக்குள்ள எறங்கிரும்.”

அதாவது முதலில் மீன், இப்போது மண்புழு. நல்ல நேயர்கள் எனக்கு.

சரியான முறை: தனிக் கம்பி. எதையும் தொடாமல், எல்லாவற்றுக்கும் மேலே. திருச்சி வடகிழக்கே இருப்பதால் கம்பி அதற்குக் குறுக்காக ஓடணும். மூங்கில் வழியாகத் திருச்சி கசியாமல் இரண்டு முனையிலும் கண்ணாடி வைத்துக் கட்டணும். வேண்டியவை:

செம்புக் கம்பி 60 அடி (எரிந்துபோன மோட்டாரின் சுருளைப் பிரித்து அண்ணனே கொடுத்தார்)
மூங்கில் 2
உடைந்த சோடா பாட்டில் கழுத்து 2
சைக்கிள் டியூப் துண்டு

“எதுக்குத்தா இம்புட்டுப் பாடு? எங்க கடையில வந்து உக்காந்து கேளேன்” என்றார் அண்ணன். நான் கேட்கலாம். அப்பா தோட்டத்தை விட்டு வரமாட்டாரே.

ஏப்ரல் 23, புதன்

நல்ல வெயில். விரலில் கண்ணாடிக் கீறல் இரண்டு.

ஒரு மூங்கில் வேன் கூரையில் கட்டியாச்சு. மற்றது வாய்க்கால் கரையில், கிணற்று மோட்டார் ரூம் பக்கத்தில். அம்மா குழி தோண்டினார். பந்தலில் என் கை படவில்லை, கால் படவில்லை, நிழல் மட்டும் பட்டது. பதினோரு மணிக்குத் திருச்சி வந்தது. மெலிசாக, ஆனால் சுத்தமாக. ஊசியில் நூல் கோத்த மாதிரி.

டயல் நிற்காமல் நழுவுகிறது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணி. மோட்டாருக்குக் கரண்டு வந்தது. மாமா மோட்டார் போட்டார். கொர்ர்ர்ர்ர்ர்ர். திருச்சி போன இடம் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். இந்த வாரம் முழுக்க மோட்டார் கரண்டு சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பதுவரைதான். பொதுக் கிணறு, ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் மாமா முறை. இன்று அவர். நாளை நாங்கள். வெள்ளி மோட்டாருக்கு எண்ணெய் போட இருவருக்கும் லீவு. சனி?

சனி மாமா முறை. ஆறே முக்காலுக்கு அவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

ஏப்ரல் 24, வியாழன்

போனேன். மாமா வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும், நிமிராமல், கட்டியிருந்த காளையைப் பார்த்துச் சொன்னார்:

“ஏலே, கிணத்துக்குள்ள இருந்து ஏதோ சத்தம் வருது. உனக்குக் கேக்குதா?”

“மாமா, நாந்தான் மாமா. தெரசா.”

“இப்ப மணி என்னான்னு சொல்லும் பாருலே. கரெக்டா சொல்லும்.”

“மாமா, தப்புத்தான். மன்னிச்சிருங்க.”

இதை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரியம் வந்த பிறகு சொல்கிற மன்னிப்புக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். அவருக்கும் தெரிந்தது.

“என்னா வேணும்?”

“சனிக்கிழமை உங்க முறையில பத்து நிமிசம் மோட்டார நிறுத்தணும்.”

மண்வெட்டி நின்றது. “கரண்டு வர்றதே நாலு மணி நேரம். அதுல பத்து நிமிசமா? ஒரு பாத்திக்குத் தண்ணி தாயி அது. எதுக்கு?”

வழக்கமாக என்னிடம் கைவசம் நாலு பொய் இருக்கும். இன்று ஒன்றும் எடுக்கவில்லை. எல்லாம் சொன்னேன். அக்கா, எட்டு நிமிடம், விண்ணப்பம், மே 5.

“நம்ம ஸ்டெல்லாவா? ரேடியோலயா?”

“ஆமா மாமா.”

“உங்கப்பன் அந்தோணிக்குத் தெரியாது?”

“தெரியாது.”

முழங்கையைத் தடவிக்கொண்டார். இன்னும் முழுசாக மடங்கவில்லை அது.

“நிறுத்துறேன். ஆனா வேன்ல முன்சீட்டு எனக்கு.”

ஏப்ரல் 25, வெள்ளி

பேட்டரியைச் சேமிக்க வேனில் விளக்குப் போடவில்லை. ரேடியோவும் போடவில்லை. கட்டைவிரலில் டயல் அழுத்திய பள்ளம். மதியத்துக்கு மேல் காற்று எழும்புகிறது. வாய்க்கால் மூங்கிலைச் சுற்றி இன்னும் நாலு கல் வைத்தேன். அப்பா பார்த்தார். “ம்.” எந்த வகை என்று பிடிபடவில்லை.

ஏப்ரல் 26, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நாலு மணியிலிருந்து பேய்க்காற்று. ஆறரைக்கு அப்பா வேனுக்குள் வந்தார், சந்தை நிலவரம் கேட்க. முன்சீட்டில் சின்னச்சாமி மாமா, வெளுத்த சட்டை, நெற்றி நிறைய விபூதி. அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார். ஆறு நாற்பதுக்கு மோட்டார் நின்றிருந்தது, தவளைச் சத்தம் கேட்டது. திருச்சி தெளிவாக. என் கட்டைவிரல் டயலில்.

ஒரு பெண் குரல்: ‘அடுத்து, கொசுவை அறிவோம். பேசுபவர், செல்வி ஸ்டெல்லா அந்தோணி.’

அப்பாவின் டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

‘வணக்கம்’ என்றாள் அக்கா. அக்காவேதான். சளி பிடித்த மாதிரி ஒரு குரல் அவளுக்கு, அப்படியே.

வெளியே சடார். வாய்க்கால் கரை மூங்கில் சாய்ந்தது. அக்கா இருந்த இடத்தில் ஒரு மலையாளி சிரித்தார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா இல்லை. காபி தரையில். செருப்பு வாசலில். மாமா எழுந்து, கையைத் தூக்கப் பார்த்து, “மேல வர மாட்டேங்குதே” என்று உட்கார்ந்தார். அந்த முழங்கை. நான் டயலை விட முடியாது.

மங்கல் வெளிச்சத்தில் தெரிந்தது. அறுபது அடிக்கு அப்பால், அப்பா மூங்கிலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார். அக்கா திரும்ப வந்தாள். அவர் கை கொஞ்சம் இறங்கினால் மலையாளம். ஏறினால் அக்கா.

யார் கேட்க வேண்டும் என்று பத்து நாள் பாடுபட்டேனோ, அவருக்கு மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை.

“என்ன சொல்றா?” அப்பா கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். “மலேரியாக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடுமாம்ப்பா!”

“ஆங்?”

“நல்ல தண்ணி! மூடாத தொட்டி! வாரத்துக்கு ஒருநாள் காய விடணுமாம்!”

“சரி! அப்புறம்?”

“அந்தக் கொசு சாஞ்சு உக்காருமாம்!”

“எப்பிடி?”

“சாஞ்சு! நம்ம சின்னச்சாமி மாமா கணக்கா!”

மாமா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்படியே எட்டு நிமிடம். முட்டை, புழு, கூட்டுப்புழு, மண்ணெண்ணெய். அக்கா ஒரு வரி சொல்ல, நான் ஒரு வரி கத்த. கம்பி நடுங்கத் தொடங்கியது. அப்பாவின் கை நடுங்குகிறது என்று அர்த்தம். அக்காவின் குரலும் கூடவே நடுங்கியது. இறக்குங்கப்பா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

‘...ஆகவே நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம். நன்றி.’

அவ்வளவுதான். நாதஸ்வரம் போட்டுவிட்டார்கள்.

“அப்புறம்?” அங்கிருந்து அப்பா. “அம்புட்டுத்தானா?”

அம்புட்டுத்தான். ஆனால் என் வாய் சொன்னது வேறு.

“இன்னும் இருக்குப்பா! மேல படிக்கணும்னு சொல்றா! எம்.எஸ்ஸி.! இன்னும் நெறையத் தெரிஞ்சுக்கணுமாம்!”

காற்று. மூங்கில் இறங்கவில்லை.

“ரேடியோலயா சொல்றா?”

“ஆமாப்பா!”

நாதஸ்வரம் கொஞ்சம்கூட இரைச்சல் இல்லாமல் கேட்டது. அப்பா அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று. “முடிஞ்சிருச்சு, கீழ போடுங்கப்பா” என்று நான் சொன்ன பிறகுதான் வந்தார். உள்ளங்கையெல்லாம் மூங்கில் சிலாம்பு.

அம்மாவிடம் கேட்டார்: “அப்பிடியா சொன்னா?”

அம்மா குனிந்து சிந்திய காபியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சொன்னா.”

“கணீர்னு சொன்னா அந்தோணி” என்றார் மாமா. “சரி, என் தண்ணி நிக்குது” என்று இறங்கிப் போனார்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் இதை யார் சொல்வது? அம்மாவா, நானா? மாமாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காற்று அடங்கியது. வெட்டுக்கு இன்னும் பத்து நாள் என்கிறார்கள். அப்பா பூசைக்கு வந்தார். தோட்டத்தில் காவலுக்கு மாமாவை உட்காரவைத்துவிட்டு. காவல் மாதத்தில் அப்பா வெளியே வந்தது நான் பார்த்ததில்லை. ஏன் வந்தார் என்று கோயில் வாசலில்தான் புரிந்தது.

பாட்டு வாத்தியார்: “அந்தோணி! உன் மக பேச்சக் கேட்டோமுல்ல! கொசுவ அக்கக்காப் பிரிச்சு வச்சிட்டாளே!”

“முழுசாக் கேட்டீகளா?”

“வணக்கத்துல இருந்து நன்றி வரைக்கும். வீட்டு வாசல்ல இருந்தே தொடங்குவோம்னு முடிச்சா பாரு, அங்கன நிக்கிறா!”

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் நாதஸ்வரம்.”

“ம்.”

இது ஏழாவது வகை. இதுவரை கேட்டதில்லை.

அப்பா முன்னால் நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால். மதியம் முழுக்க யோசனை. விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுவாரோ? அக்காவைக் கூட்டிவரத் திருச்சிக்குக் கிளம்புவாரோ? நானாகவே சொல்லிவிடலாமா? மூன்று முறை பக்கத்தில் போனேன். மூன்று முறையும் அவர் உள்ளங்கையில் சிலாம்பு எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் ஊசி.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் மேகமூட்டம். அணில் மூன்று.

பந்தல் தூணில் முட்டு மாற்றிவிட்டு அப்பா வேனுக்கு வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

“அந்தக் காகிதம் எங்க?”

“எந்தக் காகிதம்ப்பா?”

“படிப்புக்குக் காகிதம் ஒன்னு இருக்குமுல்ல.”

தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் பேனாவையும். ஸ்டியரிங் மேல் வைத்து, அ-வில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஊதிக் காயவைத்தார்.

“அக்காவுக்குக் கடுதாசி எழுது. பேசுனது கேட்டுச்சுன்னு எழுது.”

“சரிப்பா.”

“பூராம் கேட்டுச்சுன்னு எழுது.”

“சரிப்பா.”

இறங்கி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

“பேசாததும் கேட்டுச்சுன்னு எழுது.”